நாய்க்குப் பாகற்காய் போடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாகற்காய் வாசனை தூக்கலாக இருக்கிறது. ஒருவர் கேட்டதையே இன்னொருவர் வேறு விதமாகக் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு ஐந்து வயது, எடை 10 கிலோ. காய் நறுக்க உட்கார்ந்தால் அதுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கேரட், பீன்ஸ் துண்டுகள் போடுவது வழக்கம். நேற்று கீழே விழுந்த பாகற்காய்த் துண்டு ஒன்றைக் கவ்வித் தின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா? பயமில்லை என்றால் வாரம் இரண்டு முறை கொடுக்கலாமா? உடம்புக்கு நல்லது என்கிறார்களே.

பயப்பட வேண்டாம். நன்றாக இருக்கும் ஒரு நாய் பச்சைப் பாகற்காயின் சதையில் ஒரு துண்டு தின்றதால் ஒன்றும் ஆகிவிடாது. அதிகம் போனால் வாந்தி எடுக்கும், அல்லது ஒரு வேளை இளக்கமாகப் போகும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் என்று நாய்க்கு விஷமாகும் பொருள்களின் பட்டியலில் பாகற்காய்ச் சதை இல்லை.

"உடம்புக்கு நல்லது" என்பதில்தான் நான் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. யார் உடம்புக்கு? பச்சைப் பாகற்காய் 100 கிராமில் சுமார் 84 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. மனிதனுக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் நம் உடல் அதைத் தயாரிப்பதில்லை. நாயின் கல்லீரல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நார்ச்சத்து வேண்டுமென்றால் நீங்கள் ஏற்கெனவே போடும் கேரட்டும் பீன்ஸும் போதும்; நாயும் அவற்றை விரும்பித் தின்கிறது. அப்படியிருக்க, பாகற்காயைத் தேடிப்போய்க் கொடுப்பதில் நாய்க்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

நாய்க்குக் கொடுக்கும் தின்பண்டங்கள் அதன் ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொது விதி உண்டு. அதைப் பாகற்காய்க்குப் பொருத்தாதீர்கள். உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம் 60 கலோரி. பாகற்காய் 100 கிராமுக்கு 17 கலோரிதான். கணக்குப்படி பார்த்தால் 350 கிராம் பாகற்காய் போடலாம் என்று வரும்! அவ்வளவையும் தின்ற நாயின் வயிறு அன்று இரவு உங்களைத் தூங்க விடாது. இந்தக் காயின் அளவை வயிறுதான் தீர்மானிக்க வேண்டும்.

அப்படியும் நாய் ஆசையாகக் கேட்கிறது, கொடுத்தே தீருவேன் என்றால்: விதையையும் அதைச் சுற்றியுள்ள பஞ்சுப் பகுதியையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆறிய பின் விரல் நுனி அளவில் ஒன்றிரண்டு துண்டுகள் போடுங்கள். கசப்புப் போக உப்புப் பிசறிப் பிழிந்த காய் நாய்க்கு வேண்டாம். பாகற்காயில் உள்ள சில பொருள்கள் கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடியவை என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருப்பதால், சினையாக இருக்கும் நாய்க்குச் சதையும் கூடாது. குட்டிகளுக்கும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சாப்பிட்டு மீந்த பாகற்காயைச் சோற்றில் பிசைந்து வைக்கலாமா?

அதில் வெங்காயமோ பூண்டோ இருக்கிறதா? இருந்தால் கூடாது. இங்கே பாகற்காய் குற்றவாளி இல்லை, கூட வந்தவர்கள்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேக வைத்தாலும், பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே இரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றங்கள் தெரிந்திருக்கின்றன. தின்ற அன்று நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகும், நாய் படுத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் அந்தச் சோற்றை மறந்தே போயிருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் பத்து வயது நாய்க்குச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடுகிறோம். இணையத்தில் ஒரு பாகற்காய்ப் பொடி பார்த்தேன். "முழுக்க இயற்கையானது, பக்க விளைவு இல்லை, செல்லப் பிராணிகளுக்கும் ஏற்றது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்க்கலாமா? ஊசியைக் கொஞ்சம் குறைக்க முடிந்தால் அதற்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

வாங்காதீர்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அந்தப் பாக்கெட்டை இன்னும் பலர் பார்த்திருப்பார்கள்.

முதலில் நோய். மனிதர்களில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்: உடலில் இன்சுலின் இருக்கும், ஆனால் அதன் பேச்சு எடுபடாது. பாகற்காயைப் பற்றிப் பேசப்படுவதெல்லாம் இவர்களை வைத்துத்தான். நாய்களுக்கு வருவது பெரும்பாலும் அந்த வகை அல்ல. அவற்றின் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. சுரக்காத இன்சுலினை எந்தப் பொடியும் கொண்டுவந்து கொடுக்காது, ஊசிதான் கொடுக்கும். ஊசியை நீங்களாகக் குறைத்தால் உடல் கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தொடங்கி, இரத்தம் அமிலமாகி, உயிருக்கே ஆபத்தான நிலை வரும்.

அடுத்தது, பொடி வேலை செய்தால் என்ன ஆகும் என்பது. பாகற்காய்க்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் ஓரளவு இருப்பது உண்மைதான். வெறும் வயிற்றில் பாகல் கஷாயம் குடித்த சிறு குழந்தைகளுக்குச் சர்க்கரை சரிந்து வலிப்பும் மயக்கமும் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. இன்சுலின் ஊசி போட்ட நாய்க்கு அதன் மேல் இன்னொரு சர்க்கரைக் குறைப்பானையும் கொடுத்தால் எது எவ்வளவு குறைத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் அளவு நிர்ணயிப்பது ஊசிக்கு மட்டும்தான்.

இன்னொன்றை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோயுள்ள நாயின் நாள் முழுவதும் ஒரே கணக்கில் ஓடுகிறது: 12 மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பாடு, கூடவே ஊசி. அந்தச் சாப்பாட்டில் கசப்புப் பொடியைத் தூவுகிறீர்கள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து போகிறது. ஊசி வழக்கமான அளவில் உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. பொடியில் மருந்துக் குணம் துளியும் இல்லாவிட்டாலும், அந்தக் கசப்பு ஒன்றே நாயின் சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். நாய் தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, குழம்பிப்போய் நின்றாலோ, தேனையோ சர்க்கரைப் பாகையோ அதன் ஈறில் தடவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியாகப் பாக்கெட். "செல்லப் பிராணிகளுக்கும் ஏற்றது" என்பதில் இருக்கும் அந்த "உம்" எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. மனிதனுக்கென்று அரைத்த பொடிக்கு இன்னொரு வாடிக்கையாளரையும் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாய்க்கென்றே செய்த பொருளாக இருந்தால், கிலோ எடைக்கு எவ்வளவு என்று அளவு போட்டிருக்கும். உள்ளடங்கிய பொருள்கள், தொகுதி எண், காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்கும். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்" என்றும், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் "இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானதல்ல" என்றும் போட்டிருந்தால், உண்மையைச் சொல்வது எறும்புதான். இனிப்பூட்டிய பாகற்காய்ச் சாறு வகைகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. "சர்க்கரை சேர்க்காதது" என்றால் எதைச் சேர்த்து இனிப்பாக்கினார்கள் என்று பாருங்கள். சைலிடால் என்று இருந்தால் அது வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டக் கூடாது. நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிடாலே அதன் சர்க்கரையை அபாயகரமாகச் சரித்துவிடும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் போகலாம்.

ஊசி போடுவது கஷ்டமாக இருக்கிறது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள். ஊசியின் அளவையும் வகையையும் மாற்றிப் பார்க்க அவருக்கு வழிகள் உண்டு.

கேள்வி: தோட்டத்தில் பழுத்து வெடித்த பாகற்பழம் விழுந்து கிடந்தது. சிவப்பாக இருந்த விதைகளை நாய் நக்கித் தின்றுவிட்டது. என்ன செய்வது?

பாகற்காய்ச் சதை விஷயத்தில் நான் அவசரம் காட்டாதவன், இதில் காட்டுகிறேன். பாகற்காய் பழுத்ததும் ஆரஞ்சு நிறமாகி வெடிக்கும். விதையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதை மட்டும் இனிக்கும். கசப்பை நம்பி நாய் ஒதுங்கிப்போகும் என்று நினைக்க முடியாத ஒரே கட்டம் இதுதான். விதைக்குள் மொமார்கரின் என்ற புரத வகை இருக்கிறது. உயிரணுக்கள் தமக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் வேலையையே அது தடுக்கும்.

எத்தனை விதை, எப்போது தின்றது, நாயின் எடை என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டுமென்றால் தின்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள் செய்தால்தான் பயன். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். நீங்களாக உப்புத் தண்ணீரைப் புகட்டாதீர்கள். விதையைவிட உப்பே நாயைச் சாய்த்துவிடும். விழுங்கிய விதை உடையாமல் அப்படியே வெளியே வந்துவிட்டால் நல்லதுதான், ஆனால் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கொடி இருக்கும் வீட்டில் நாயும் இருந்தால் காயைப் பழுக்க விடாமல் பறித்துவிடுங்கள்.

கேள்வி: கசப்பு கொடுத்தால் நாயின் வயிற்றில் உள்ள பூச்சி செத்துவிடும் என்கிறார்களே?

சாகாது. பூச்சிக்குக் கசப்பு ஆகாது என்றால் அது கசக்கும் பித்தநீர் பாயும் குடலிலேயே குடியிருக்காது. குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே குடற்புழு மருந்து தொடங்க வேண்டும். பாகற்காயை நம்பித் தள்ளிப்போட்டால், கொக்கிப்புழு குட்டியின் இரத்தத்தைக் குடித்துத் தீர்த்துவிடும்.

கேள்வி: எங்கள் நாய் பாகற்காயைத் துப்பிவிடுகிறது. இறைச்சியோடு நன்றாகப் பிசைந்து வைத்தால் தெரியாமல் தின்றுவிடும் அல்லவா?

முழுப் பாகற்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். நாய்க்கு நாக்கில் சுமார் 1,700 சுவை மொட்டுகள்தான், நமக்கோ 9,000 அளவில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கசப்பு அதற்கு நன்றாகவே தெரியும். நாற்காலிக் காலைக் கடிக்கும் நாய்களை விரட்டக் கடைகளில் விற்கும் தெளிப்பான்களில் இருப்பதே கசப்புதான். ஒரு பக்கம் அந்தத் தெளிப்பானைக் காசு கொடுத்து வாங்குகிறோம், இன்னொரு பக்கம் அதே கசப்பைத் தட்டில் போட்டு "சாப்பிடு, சாப்பிடு" என்கிறோம். எங்கள் வீட்டு நாய் இறைச்சிக்குள் வைத்த மாத்திரையை மட்டும் துடைத்து வைத்தாற்போல் தட்டின் ஓரத்தில் விட்டுவிட்டுப் போகும். மாத்திரைக்காக அந்தப் போராட்டம் நியாயம். பாகற்காய்க்காக ஏன்?

கேள்வி: வாங்கிய வெள்ளரிக்காய் கசந்துவிட்டது. வீணாக்க மனமில்லை. நாய்க்குப் போடலாமா?

கூடவே கூடாது. பாகற்காய் கசந்தால் அது அதன் இயல்பு. வெள்ளரி, சுரை, பீர்க்கு, பூசணி கசந்தால் அது எச்சரிக்கை. அந்தக் குடும்பத்துச் செடிகள் தற்காப்புக்காகச் சுரக்கும் குக்கர்பிட்டசின் என்ற நச்சு அவற்றில் ஏறியிருக்கிறது என்று பொருள். வேக வைத்தாலும் அது அழியாது. கடும் வாந்தியும் பேதியும் வரும், மனிதர்களுக்கும்தான். நுனியை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: ஒரு நாய் உணவுப் பாக்கெட்டின் முகப்பில் பாகற்காய் படம் போட்டு, விலையும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் விலைக்குப் பொருள் உண்டா?

படத்தைப் பார்க்காமல் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். பொதுவாக எடை அதிகமுள்ள பொருள் முதலிலும் குறைந்தது கடைசியிலுமாக எழுதுவார்கள். அந்த வரிசையில் உப்பு எங்கே வருகிறது என்று தேடுங்கள். நாய் உணவில் உப்பு ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் சேர்ப்பார்கள். பாகற்காய் உப்புக்கும் பின்னால் வந்தால் பாக்கெட்டில் இருப்பது ஒரு சிட்டிகைதான். அது நாயை ஒன்றும் செய்யாது. உங்கள் பணப்பையைத்தான் செய்யும். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, "முழுமையான, சமச்சீர் உணவு" என்று குறிப்பிட்டு, நாயின் வயதையும் குறிப்பிட்டிருக்கும் பாக்கெட்டுக்குக் கொடுங்கள்.