மடிக்கணினிக்குக் கூடுதல் வாரண்டி தேவையா? – கேள்வி பதில்

கேள்வி: புதிய மடிக்கணினியோடு மூன்றாண்டு வாரண்டியையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?

பதில்: அந்த மூன்றில் முதலாண்டு, பெரும்பாலும் தயாரிப்பாளர் இலவசமாகவே தருவதாகும், நீங்கள் பணம் கொடுப்பது மீதி இரண்டு ஆண்டுகளுக்கே. தயாரிப்பில் குறை இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். அதன்பின் தேய்மானம் தலைகாட்டும் வரை பழுதுகள் குறைவாகவே நேரும். அந்த இடைக்காலத்துக்குத்தான் காப்பு விற்கப்படுகிறது என்பதால், விற்பவருக்கு அது நல்ல இலாபம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நினைவகமும் சேமிப்பகமும் மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய மாடல்களில், ஒரு சில்லு கெட்டாலும் போர்டு முழுவதையும் மாற்ற நேரலாம், அந்தச் செலவைக் கேட்டால் புதுக் கணினியே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அதைத் தாங்க முடிந்தவர் வாரண்டித் தொகையைச் சேமித்து வைப்பதே மேல். கணினி ஒரு வாரம் இல்லாவிட்டால் பிழைப்பே நின்றுவிடும் என்பவர் வாங்கலாம். ஆனால் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: தண்ணீர் கொட்டினாலும், விழுந்து திரை உடைந்தாலும் இதில் சரிசெய்து தருவார்களா?

பதில்: மாட்டார்கள். சாதாரண வாரண்டி நீட்டிப்பு தயாரிப்புக் குறைகளுக்கு மட்டுமே. விபத்துச் சேதத்துக்குத் தனித் திட்டம் உண்டு. நாள்தோறும் கணினியைப் பையில் சுமந்து செல்லும் மாணவருக்கு, என் கருத்தில், நீட்டிப்பைவிட அதுவே பயன்படும். ஆண்டுக்கு எத்தனை முறை கோரலாம், ஒவ்வொரு முறையும் நீங்கள் செலுத்த வேண்டிய பங்கு எவ்வளவு என்பவற்றை நிபந்தனைகளில் படித்துப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரியும் இதில் அடங்குமா?

பதில்: பேட்டரி தேயும் பொருளாகவே கருதப்படுவதால், மூன்றாண்டு வாரண்டியிலும் அதற்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். பல லித்தியம் அயனி பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுழற்சிகளில் (முழுக் கொள்ளளவு மின்சாரம் ஒருமுறை செலவாகி மீண்டும் ஏறுவது ஒரு சுழற்சி) தம் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அது குறையன்று, இயல்பு.

கேள்வி: பில் போடும் இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்களே?

பதில்: கடையோ வேறு நிறுவனமோ தரும் திட்டத்துக்கு அப்படி ஒரு கெடு இருக்கலாம். தயாரிப்பாளரின் நீட்டிப்பையோ, பல நிறுவனங்களில், முதல் வாரண்டி முடிவதற்குள் பின்னரும் வாங்கலாம். ஆகவே சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, உங்கள் மாடலுக்கு உரிய கடைசி நாளைத் தயாரிப்பாளரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.