முன்குறித்தலும் நம் சித்தமும்: கேள்வி பதில்

இறையியல் கல்லூரியில் சபை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முன்குறித்தல் (யாருக்கு இரட்சிப்பு என்று கடவுள் முன்னதாகவே தீர்மானித்திருப்பது) பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை எழுதுகிறேன். ஒரே வேண்டுகோள்: ஒற்றை வசனத்தைப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள், முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

தோத்திரம் ஐயா. நாளை நான் செய்யப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், அது முடிவானதுதானே? இதற்கும் தலையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். முதலாவதை, சுமார் 524-ல் கொல்லப்பட்ட போயத்தியஸ் என்ற ரோமத் தத்துவ அறிஞர் சிறையில் இருந்தபடியே எழுதிப் பார்த்தார். கடவுள் காலத்துக்குள் நின்று முன்னே எட்டிப் பார்ப்பவர் அல்ல, நேற்றும் நாளையும் அவருக்கு ஒரே சமயத்தில் கண்முன் இருக்கின்றன என்பது அவர் பதில். நீங்கள் நடப்பதை நான் பார்ப்பதால் நீங்கள் நடக்கவில்லை அல்லவா?

இரண்டாவதுதான் முக்கியம். தலையெழுத்திடம் யாரும் மன்றாட முடியாது, அங்கே கேட்க ஆள் இல்லை. எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா போய், நீ பிழைக்கமாட்டாய் என்று கர்த்தரின் பெயராலேயே சொல்கிறார். ராஜா சுவர்ப்புறம் திரும்பி அழுகிறார். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுமுன் 15 வருடம் கூட்டிக் கொடுத்தாகிவிட்டது (2 இராஜாக்கள் 20). விதியாக இருந்தால் இந்தக் கதை நடக்காது. கிறிஸ்தவர்கள் 1,600 வருடமாகச் சண்டை போடுவது எதிர்காலம் எழுதப்பட்டதா என்பதற்காக அல்ல. மனிதன் கடவுளிடம் திரும்பும்போது முதல் அடி யாருடையது என்பதற்காக.

சார், எங்கள் சொந்தத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களே ரகசியமாக ஜாதகம் பார்க்கிறார்கள்.

பழைய சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனும் வாலிபத்தில் சோதிடத்தில் ஈடுபாடு உள்ளவர்தான். அதை விட்டதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று ஃபிர்மீனஸ் என்ற நண்பரின் கதை. ஃபிர்மீனஸின் அப்பாவும் அவருடைய சிநேகிதரும் வீட்டு மிருகம் குட்டி போட்டால்கூட நேரம் குறிக்கிற ஆட்கள். ஃபிர்மீனஸ் பிறந்த அதே கணத்தில் சிநேகிதர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் பிள்ளை பிறந்தது. ஒரே கட்டம், ஒரே கிரகநிலை. இவர் செல்வந்தராக வளர்ந்தார், அந்தப் பிள்ளை அடிமையாகவே இருந்தது. உங்கள் சொந்தக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

யூதாஸ் காட்டிக்கொடுக்காவிட்டால் சிலுவை இல்லை. அப்புறம் அவன்மேல் என்ன தப்பு?

அன்றிரவு இயேசு இரண்டு பேரைப் பற்றி முன்னறிவித்தார். யூதாஸ் காட்டிக்கொடுப்பான், பேதுரு மறுதலிப்பான் என்றார், இரண்டும் நடந்தன. ஆனால் பேதுரு அழுதான், திரும்பி வந்தான். அப்போஸ்தலர் 2:23-ல் அதே பேதுரு, இயேசுவின் சாவு தேவன் நிர்ணயித்தபடி நடந்தது என்றும், கொன்றது நீங்கள்தான் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். வேதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது, ஒன்றை எடுத்துவிட நமக்கு அனுமதி இல்லை.

பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது கர்த்தர்தானே? பின்பு தண்டிப்பது நியாயமா?

அதிகாரம் முழுக்க வாசியுங்கள் என்றேனே. யாத்திராகமம் 8:15, 8:32-ல் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். எகிப்தின்மேல் வாதைகள் (தண்டனையாக வந்த கொடுமைகள்) நடக்கும்போது கர்த்தர் கடினப்படுத்தினார் என்று தெளிவாக வருவது ஆறாவது வாதையில், 9:12-ல்.

(முன்குறித்தலை வலியுறுத்தும் சீர்திருத்த சபைத் தம்பி ஒருவர்) ஐயா, 4:21-ஐ விட்டுவிட்டீர்கள். மோசே எகிப்துக்குப் போகுமுன்பே "கடினப்படுத்துவேன்" என்றாகிவிட்டதே.

நல்ல கேள்வி. ஆமாம், அந்த வசனம் உங்கள் பக்கத்துக்குப் பலம். ரோமர் 9-ல் பவுலும் குயவனையும் களிமண்ணையும் அங்கேதான் கொண்டு வருகிறார். ஆனால் எரேமியா 18-ஐயும் திறந்து வையுங்கள். அங்கே குயவன் கெட்டுப்போன மண்ணை வேறு பாண்டமாக வனைகிறான். தொடர்ந்து கர்த்தர், ஒரு ஜாதி மனந்திரும்பினால் நானும் நினைத்த தீங்கைச் செய்யமாட்டேன் என்கிறார்.

(மெதடிஸ்ட் குடும்பத்து அக்கா ஒருவர்) தம்பி சொல்வதுபோல் பார்த்தால் நாம் பொம்மைகள். இதைத்தான் டார்ட் சினாடு (1618-ல் நெதர்லாந்தில் கூடிய சபைச் சங்கம்) சட்டமாக்கியது.

(மறுபடி தம்பி) டார்ட் வேதப் புரட்டைத்தான் வெளியேற்றியது, அக்கா.

இரண்டு பேருமே கொஞ்சம் நில்லுங்கள். அக்கா, டார்ட் தீர்மானங்களிலேயே, கிருபை மனிதரைக் கட்டையும் கல்லுமாக நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை என்று இருக்கிறது. பொம்மை என்று எழுதியவர்கள் அவர்கள் அல்ல.

தம்பி, நடந்த கதை நீங்கள் நினைப்பதுபோல் சுத்தமானது அல்ல. இந்தச் சண்டைக்குக் காரணமான லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மீனியஸ் 1609-லேயே இறந்துவிட்டார். அடுத்த வருடம் அவர் வழிவந்தவர்கள் ஐந்து கருத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். கிருபை இல்லாமல் மனிதனால் நன்மை செய்ய முடியாது என்று அவர்களும்தான் எழுதினார்கள். அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்பதில்தான் தகராறு. அவர்களுக்கு ஆதரவாக நின்றவர் ஓல்டன்பார்னவெல்ட் என்ற பெரிய அரசியல்வாதி, எதிரே இளவரசர் மாரிஸ். 1618 நவம்பரில் சினாடு கூடியபோது ஓல்டன்பார்னவெல்ட் ஏற்கெனவே சிறையில். அர்மீனியஸ் தரப்பாரைக் குற்றவாளிகள்போல் நிறுத்திவைத்து ஜனவரியில் வெளியே அனுப்பினார்கள். 1619 மே 13-ல், எழுபது தாண்டிய ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. சுமார் 200 போதகர்கள் ஊழியம் இழந்தார்கள். உபதேசம் சரியா தப்பா என்பது வேறு விஷயம். தீர்ப்புக்குப் பக்கத்தில் வாள் இருந்ததை மறைத்துவிட்டு அந்தச் சரித்திரத்தைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இதே சண்டையில் 1741-ல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும், முன்குறித்தலை ஆதரித்த அவர் நண்பர் ஒயிட்ஃபீல்டும் பிரிந்தார்கள். 1770-ல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. நீங்கள் இருவரும் இத்தோடு விடுங்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் சபை எந்தப் பக்கம்?

1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றானவர்களில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியன் வழி வந்தவர்கள் எல்லாரும் உண்டு. வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும், முன்குறித்தலை வலியுறுத்திய சீர்திருத்தவாதி கால்வினின் பேரப்பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். அதனால்தான் ஒரு போதகர் ஒன்று சொல்வார், அடுத்து மாறி வருகிறவர் இன்னொன்று சொல்வார்.

ஐயா, யூதாஸ் பாவம் இல்லையா?

மேலே இருக்கிறது.

விபத்தில் இறந்த பிள்ளையின் வீட்டில் எல்லாரும் "தேவசித்தம்" என்கிறார்கள். சரியா?

சொல்லாதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் இதை மறுபடி சொல்வேன், சாவு வீட்டில் போய் முன்குறித்தல் பாடம் நடத்தாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசினார் (லூக்கா 13). அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்றார். அவர்களுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று விளக்கவில்லை. லாசருவின் கல்லறையில் அழுதார். நீங்களும் அதையே செய்யுங்கள்.

தசமபாகம் கொடுக்காவிட்டால் இரட்சிப்பு போய்விடுமா?

இன்றைய தலைப்பு இல்லை. உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

யூதாஸ் மனந்திரும்பினானே, அவன் ஏன்...

யூதாஸ் கேள்விகளுக்கு இனிப் பதில் இல்லை.

நான் கத்தோலிக்கன். இந்தச் சண்டை உங்களுக்குள் மட்டும்தானே?

இல்லை, உங்கள் வீட்டிலும் நடந்தது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மொலினா 1588-ல் ஒரு வழி சொன்னார்: எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் தன் சித்தப்படி எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது கடவுளுக்குத் தெரியும், அதை வைத்தே அவர் உலகத்தை நடத்துகிறார் என்று. டொமினிக்கன் சபையார், பானியெஸ் தலைமையில், இது கடவுளை மனிதனுக்குக் காத்திருக்க வைக்கிறது என்று கொதித்தார்கள். 1598 முதல் ரோமில் விசாரணை. அது முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், 1606-ல், அதே இயேசு சபையின் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். 1607-ல் போப் ஐந்தாம் பவுல் விசாரணையை முடித்து, இரண்டு பக்கமும் தங்கள் கருத்தை வைத்துக்கொள்ளலாம், எதிராளியைப் பதிதன் (தப்பான உபதேசக்காரன்) என்று சொல்லக்கூடாது, தீர்ப்பு உரிய நேரத்தில் வரும் என்றார்.

அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை.