சொல்லைத் தனியாக விடாதீர்கள்: ஆசிரியர் கேள்வி-பதில்

கே: ஒரு பாடத்துக்கு எத்தனை புதுச் சொற்கள் கற்பிக்கலாம்?

ப: ஐந்தாறு போதும். எது தெரியாவிட்டால் பாடமே புரியாதோ, எது மற்றப் பாடங்களிலும் வருமோ, அதை எடுங்கள். மற்றவற்றுக்கு வாசிக்கும்போதே பொருள் சொல்லிவிட்டு நகருங்கள்.

கே: என் மாணவர்களுக்கு வாசிப்பு வரவில்லை. என்ன செய்வது?

ப: எந்த வகுப்பு? எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறார்களா, சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடவில்லையா? இதைக்கூடச் சொல்லாமல் கேட்டால் எப்படி? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு பத்தியை அவர்கள் வாசிக்கட்டும். அதே அளவுள்ள இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டிலும் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டுப் புரிந்து, கண்ணால் படித்துப் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளத்தில். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: அகராதிப் பொருளை ஐந்து முறை எழுதச் சொல்கிறேன். ஆனாலும் தேர்வில் மறந்துவிடுகிறார்கள்.

ப: மறக்கத்தான் செய்வார்கள். இந்த ஐந்து முறை எழுதும் வழக்கத்தை விடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! கை எழுதுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. 'சிக்கனம்' என்றால் 'செட்டு' என்று அகராதியில் இருக்கும். பிள்ளைக்கு இரண்டும் புதிது.

சொல்லைத் தனியாக விடாதீர்கள், வாக்கியத்தில் வையுங்கள். பழைய நோட்டின் மீதித் தாள்களைச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்கிறாள் ஒரு சிறுமி. இது சிக்கனம். சரி, பக்கத்தில் இருப்பவன் கேட்டும் ரப்பரைத் தராமல் ஒளிப்பது சிக்கனமா, கஞ்சத்தனமா? வகுப்பில் வாக்குவாதம் வரட்டும். அதில்தான் சொல் மனசில் ஒட்டும். அப்புறம் நாளைக்கு ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை அதே சொல்லைப் புது வாக்கியத்தில் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே நிற்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் நினைவையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் உருப்போட வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல் சொந்தமாக, ஏறக்குறைய பத்துத் தடவையாவது கண்ணிலும் காதிலும் பட வேண்டும்.

கே: வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்க வைக்கலாமா?

ப: வேண்டாம். தன் முறை எப்போது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை கதையைக் கேட்பதில்லை. திணறுகிறவன் எல்லோர் முன்னாலும் கூனிக்குறுகுகிறான். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒரே பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்க விடுங்கள்.

கே: புத்தகம் பிள்ளைக்கு ஏற்றதா என்று எப்படிப் பார்ப்பது?

ப: 100 சொல்லில் தெரியாதது இரண்டு மூன்று என்றால் தனியாக வாசிக்கலாம். பத்தைத் தாண்டினால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும்.

கே: வேர்ச்சொல் வழியாகக் கற்பிப்பது பலன் தருமா?

ப: நிறையத் தரும். 'அறி' என்ற ஒன்றிலிருந்து அறிவு, அறிஞர், அறிக்கை, அறிவிப்பு, அறிமுகம் என்று ஒரு குடும்பமே வரும். ஆனால் பட்டியலைப் பலகையில் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றையும் பிள்ளைகள் சொந்த வாக்கியத்தில் சொல்லட்டும்.