ஒளிரும் மீனை ஏரியில் விடலாமா?

கேள்வி: பையன் அடம்பிடித்ததால் கொளத்தூரில் ஆறு ஜீப்ரா மீன் வாங்கினோம். நீல லைட்டில் பளபளவென்று ஒளிர்கின்றன. மரபணு மாற்றியவை என்கிறார்கள். ஆபத்தா? வீடு மாறுவதால் ரெட்டேரியில் விட்டுவிடலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஏரியில் மட்டும் விடாதீர்கள், அம்மா. முதலில் எந்த வகை என்று பாருங்கள். ஊசியால் சாயம் ஏற்றிய மீனும் சந்தையில் உண்டு. அந்த நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், சில மாதங்களில் மங்கும், குஞ்சுக்கு வராது. மரபணு மாற்றிய மீனில் நிறம் சீராகப் பரவியிருக்கும், குஞ்சுக்கும் வரும். ஜெல்லிமீன், பவளம் ஆகியவற்றின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்து சிங்கப்பூரில் உருவாக்கியது. 2003-இல் அமெரிக்கச் சந்தையில் அறிமுகமானது.

தொட்டியில் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வெளியே போனால்தான் வினை. குளிர் தாங்காது, ஆற்றில் பிழைக்காது என்பது அமெரிக்காவில் சொன்ன சமாதானம். இங்கே அது செல்லாது. ஜீப்ரா நம் துணைக்கண்டத்து மீன். சென்னைத் தண்ணீரோ வருடம் முழுக்க வெதுவெதுப்பு. ஒரு பெண் மீன் ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல்கூட இடும், 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். காட்டு மீனோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. பிரேசிலில் பண்ணையிலிருந்து தப்பியவை ஓடைகளில் இனப்பெருக்கம் செய்வதை 2022-இல் பதிவு செய்தார்கள்.

முடிந்தால் சாகும்வரை நீங்களே வளர்த்துவிடுங்கள். முடியாதென்றால் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கிக் கொல்வதுதான் வழி: லிட்டருக்கு பத்துச் சொட்டு, அதாவது அரை மில்லி. நேரே ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், மீன் துடிக்கும். சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால்போல ஆகும்வரை குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடவேண்டும். முட்டைகள் கூழாங்கல் இடுக்கில் கிடக்கும். ஆகவே தொட்டித் தண்ணீரைக் கால்வாயில் கொட்டாமல் செடிக்கு ஊற்றி, கல்லைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்: 1989 விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்காமல் இத்தகைய உயிர்களை இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது.

கேள்வி: அழகுக்காக ஓர் உயிரின் மரபணுவில் கைவைப்பது பாவமில்லையா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வலி என்று பார்த்தால் சாய மீன்தான் பாவம், ஊசி குத்திய புண்ணில் கிருமி ஏறும். ஒளிரும் மீன் அப்படியே பிறப்பது. ஆனால் வெறும் வேடிக்கைக்காக, திரும்பப் பெற முடியாத ஒன்றை வெளியே விடும் அபாயம் தேவையா என்றால், எங்கள் பதில்: தேவையில்லை.

கேள்வி: அப்பாவின் இன்சுலினும் மரபணு மாற்றியதாமே?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: ஆமாம், 1982 முதலே. மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வைத்து, மூடிய கலன்களில் வளர்த்து, சுத்திகரித்து எடுக்கிறார்கள். குப்பியில் உயிருள்ள கிருமி இருக்காது. கவலைப்பட வேண்டியது மே மாத வெயிலைப் பற்றி. திறந்த குப்பி 30 டிகிரிக்குள் பெரும்பாலும் 28 நாள் தாங்கும். அட்டையில் போட்டிருப்பதையும் பாருங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போடுங்கள், உருகினாலும் வேலைக்காகாது. கரண்ட் போனால் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீருக்குள் வையுங்கள்.