டி.சி. கேட்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள்

கேள்வி: நானும் கணவரும் இரண்டு வருடங்களுக்கு முன் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தோம். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4. கோர்ட்டில் எழுதிக் கொடுத்தபடி பள்ளி நாட்களில் பிள்ளைகள் என்னோடு பாளையங்கோட்டையில். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை திருநெல்வேலி டவுனில் அவர் வீட்டில். எனக்கு இப்போது பதவி உயர்வோடு சென்னைக்கு மாறுதல். ஜூனில் சேர வேண்டும். “அவன்ட்ட சொன்னா கோர்ட்டுக்குல்லா போவான், மொதல்ல போய்ச் சேரு” என்கிறார் அம்மா. ஐந்து வயதுவரை பிள்ளை தாயிடம்தான் என்று சட்டமே இருக்கிறதாமே? கூட்டிக்கொண்டு போகலாமா?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: வேலையை விடாதீர்கள். ஆனால் அவரிடம் சொல்லாமல் கிளம்பவும் செய்யாதீர்கள். அம்மா பாசத்தில் சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம், ஐந்து வயது நிரம்பாத பிள்ளை ‘சாதாரணமாக’ தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஊர் மாற்றிக்கொண்டு போக அது அனுமதிச் சீட்டு ஆகாது. மகனுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இருக்கிறது. 650 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானாகவே முறிந்துவிடும். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி இத்தகைய ஏற்பாட்டைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியும். அவர் சம்மதித்தால் புது ஏற்பாட்டை எழுதி இருவருமாக அதே நீதிமன்றத்தில் கொடுங்கள். மறுத்தால் நீங்கள் மனுப் போட்டு, உத்தரவு வாங்கிய பிறகு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நோட்டீஸ், வாய்தா என்று நாள் ஓடிவிடும்; வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.

அவரிடம் பேசப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு காலண்டரோடு போங்கள். வாரா வாரம் பார்த்த பிள்ளைகளை இழக்கப் போகிறோம் என்றுதான் அவர் முதலில் பயப்படுவார். மாதத்தில் ஒரு வாரக்கடைசி பிள்ளைகள் இங்கே வரட்டும், இன்னொன்றில் அவர் அங்கே வரட்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிய எழும்பூர்தான். ஆனாலும் ஞாயிறு இரவு ரயிலேறி திங்கள் காலை பள்ளிக்குப் போவது அந்தச் சின்ன உடம்புகளுக்கு மாதம் ஒரு தடவைக்கு மேல் ஆகாது. விட்டுப்போகும் நாட்களுக்கு ஈடாக, கோடை விடுமுறையில் பெரும்பங்கையும் காலாண்டு லீவையும் அவருக்குக் கொடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் கொடுங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது; டிக்கெட் யார் எடுப்பது, யார் கூட வருவது என்பதையும் எழுதி வையுங்கள். இந்த மாதிரி ஏற்பாடுகளில் சண்டை பெரும்பாலும் டிக்கெட்டில்தான் தொடங்குகிறது.

அப்புறம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். இங்கே உள்ளூர் விடுமுறை, சென்னையில் பள்ளி உண்டு. டவுனில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தேர் பார்த்த பிள்ளைகள் இல்லையா, அன்றைக்கு லீவு போட்டு அனுப்புங்கள்.

தினமும் போன் அவசியம். 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றமே, பிரிந்திருக்கும் பெற்றோர் பிள்ளையோடு வீடியோ காலில் பேச வழி வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறது. நாலு வயதுக்காரி ஒரு நிமிஷம் பேசிவிட்டு ஓடிவிடுவாள். அதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். மகன் வழியாக அவருக்குச் செய்தி போகவே கூடாது. எட்டு வயதுப் பையன் தாங்குகிற பாரமா அது?

இன்னொன்று. மூட்டை கட்டும்போது டவுன் வீட்டில் இருக்கும் அவன் சைக்கிளையும் அவள் பொம்மைகளையும் கேட்டு வாங்காதீர்கள். அங்கேயே இருக்கட்டும்.