ஓடிக்கொண்டிருக்கும் பழைய மின்பலகையை எப்போது மாற்றுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஆலையின் பிரதான மின்பலகை நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டது. இன்றுவரை ஒரு பழுதும் இல்லாமல் ஓடுகிறது. ஆய்வுக்கு வந்தவர் அதை மாற்றும்படி எழுதிவிட்டார். நிர்வாகமோ, அமைத்த காலத்து விதிப்படிதான் அமைத்தோம், புதிய விதி நம்மைக் கட்டுப்படுத்தாது என்கிறது. எது சரி?
– பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்

பதில்: உங்கள் நிர்வாகம் சொல்வதில் பாதி சரி. மின் பாதுகாப்பு விதிகள் பொதுவாக முன்தேதியிட்டுப் பாய்வதில்லை; அன்றைய விதிக்கு உட்பட்டு அமைத்த ஒன்றை, புதிய பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் அகற்றச் சொல்வதில்லை. ஆனால் அந்த விலக்கு, அமைப்பு அன்று இருந்தபடியே இருக்கும்வரை, அதனால் ஆபத்து எழாதவரைதான் செல்லும். நாற்பது ஆண்டுகளில் எந்த ஆலை அன்று இருந்தபடியே இருக்கிறது?

"ஒரு பழுதும் இல்லாமல் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை மிகவும் கவலைப்படுத்துவது அந்த வாக்கியம்தான். பம்பு ஓடினால் அது நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். சர்க்யூட் பிரேக்கருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மூடிய நிலையில் கரண்டைக் கடத்துவது அதன் எளிய வேலை. ஷார்ட் சர்க்யூட் ஏற்படும் கணத்தில் திறந்து, பல்லாயிரம் ஆம்பியரை அறுத்து, அப்போது காற்றினூடே நெருப்பாக எழும் மின்வில்லைத் தனக்குள்ளேயே அணைப்பதுதான் அதன் உண்மையான பணி. அந்தப் பணிக்கு அது நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அழைக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே பலகையின் வயதைக் கேட்பதற்கு முன், இன்று அங்கே ஷார்ட் ஏற்பட்டால் எவ்வளவு கரண்ட் பாயும் என்று கேளுங்கள். 1,000 கே.வி.ஏ., 400 வோல்ட், 5 சதவீத இம்பீடன்ஸ் (கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு) உள்ள டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமைக் கரண்ட் சுமார் 1,443 ஆம்பியர். அதன் முனைகளில் ஷார்ட் ஏற்பட்டால் இருபது மடங்கு, அதாவது ஏறத்தாழ 29 கிலோ ஆம்பியர் பாயும். 35 கிலோ ஆம்பியர் தாங்கும் பலகைக்கு அது பொருத்தமே. பின்னர் உற்பத்தி பெருகி, அதே இடத்தில் 6 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 2,000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை வைத்திருந்தால், அந்த எண் 48 கிலோ ஆம்பியராகிவிடும். மேலிருந்து வரும் மின்தொகுப்பின் இம்பீடன்ஸ் இதைச் சற்றுக் குறைக்கும். ஆலையின் மோட்டார்கள் தம் பங்குக்குக் கூட்டும். பலகைக்குள் கரண்டைக் கடத்தும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிய்க்கும் விசை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 35-லிருந்து 48 என்பது அந்த விசையை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. டிரான்ஸ்பார்மரை மாற்றிய அன்றே பலகையைக் கணக்கிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால், அந்தக் கணக்குதான் இப்போது முதல் வேலை.

அடுத்தது பிரேக்கரின் வேகம். பழைய ஏர் சர்க்யூட் பிரேக்கரின் உள்ளியக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெழுகுபோல் இருந்த கிரீஸ் பழுப்பேறி, தூசியோடு சேர்ந்து பசையாக இறுகியிருக்கும். பழுதை உணரும் ரிலே சரியான நேரத்தில் திறக்க ஆணை கொடுத்தாலும், ஸ்பிரிங்கும் லாட்ச்சும் அந்தப் பசையை மீறித்தான் நகர வேண்டும். மின்வில் வெளிவிடும் ஆற்றல் அது நீடிக்கும் நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. 50 மில்லிவினாடியில் திறக்க வேண்டியது 500 மில்லிவினாடி எடுத்தால், எதிரே நிற்பவர் மேல் பாயும் வெப்பம் பத்து மடங்கு. 2002-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்ட ஐ.இ.இ.இ. 1584 என்னும் தரநிலை இந்த வெப்பத்தைக் கணக்கிடும் முறையைத் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கு, பிரேக்கர் சொன்ன நேரத்தில் திறக்கும் என்று நம்பித்தான் போடப்படுகிறது. ரிலேயை மட்டும் சோதித்துச் சான்றிதழ் வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கரண்டைச் செலுத்தும் பிரைமரி இன்ஜெக்‌ஷன் சோதனையும், திறக்கும் நேர அளவீடும், தொடுமுனை மின்தடை அளவீடும் சேர்ந்தால்தான் உண்மை வெளிவரும். அந்த அறிக்கையோடு நிர்வாகத்திடம் போங்கள். வயதை வாதமாக வைக்காதீர்கள்.

கேள்வி: முழுப் பலகையையும் மாற்ற நீண்ட ஷட்டவுன் தேவைப்படுகிறது. பிரேக்கர்களை மட்டும் புதிதாகப் போட்டால் போதாதா?
– ஆலை உரிமையாளர் ஒருவர்

பதில்: போதும் என்று சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. பஸ்பாரும் அதன் தாங்கிகளும் இன்றைய ஷார்ட் சர்க்யூட் கரண்டைத் தாங்கும் என்று சோதனையாலோ கணக்காலோ நிறுவ முடிந்தால், பழைய கூட்டுக்குள் புதிய பிரேக்கரை அமைக்கும் ரெட்ரோஃபிட் நேர்மையான தீர்வுதான். நிறுவ முடியாவிட்டால், எவ்வளவு நல்ல பிரேக்கரைப் போட்டாலும் பலகை பழைய பலகையே. தாழ்வழுத்தப் பலகைகளுக்கான ஐ.இ.சி. 61439 என்னும் தரநிலை பிரேக்கரைத் தனியே பார்ப்பதில்லை. வெப்ப ஏற்றம், மின்காப்பு, ஷார்ட் சர்க்யூட் தாங்குதிறன் எல்லாவற்றையும் முழுத் தொகுப்பாகச் சரிபார்க்கச் சொல்கிறது. உள்ளிருப்பதை மாற்றினால் அந்தப் பொறுப்பு மாற்றியவர் தலையில் விழுகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேபிள்களையும் மறக்க வேண்டாம். பல்லாண்டுகள் அசையாமல் கிடந்த ரப்பர் மின்காப்பு, அசையாதவரை மெகர் சோதனையில் (மின்காப்பின் தடையை அளப்பது) தேறிவிடும். புதிய டெர்மினலுக்காக வளைத்தவுடன் வெடித்துச் செம்பு தெரியும். எனவே இணைப்பு முடிந்தபின் மீண்டும் மெகர் வைக்க வேண்டும், முனைக் கேபிள்களுக்கான செலவும் திட்டத்தில் இருக்க வேண்டும். பழைய பிரேக்கர்களின் மின்வில் அறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை உடைக்கவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ விடாதீர்கள்.

கேள்வி: பழைய டிரான்ஸ்பார்மரைக் கழற்றி விற்கப் போகிறோம். எண்ணெயைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம். முதலில் எண்ணெயில் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். பெயர்ப்பலகையில் கனிம எண்ணெய் என்று இருந்தாலும், என்றோ வடிகட்டும்போது பொது பம்பின் வழியாகக் கலந்திருக்கலாம். 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பி.சி.பி. உள்ள சாதனங்களின் பயன்பாட்டை 2025-க்குள் நிறுத்தவும், அந்தக் கழிவுகளை 2028-க்குள் முறையாகக் கையாளவும் உறுப்பு நாடுகளிடம் கோருகிறது. பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருந்தால் அது விற்பனைப் பொருள் அல்ல. கையாளும் உரிமம் பெற்றவரிடம் மட்டுமே போக வேண்டும்.

கேள்வி: பலகை மாற்றும் பணியில், பாதிப் பலகையில் மின்சாரம் இருக்கும்போதே மறுபாதியில் வேலை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– மின்பணியாளர் ஒருவர்

பதில்: இடையே உரிய தடுப்பு இல்லாத பழைய பலகையில் செய்யக் கூடாது. மறுக்க உங்களுக்கு முழுக் காரணம் இருக்கிறது. தற்காலிக மின்வழி அமைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை, துணிந்து கை வைப்பது உங்கள் வேலை அல்ல. முழுவதும் அணைத்த பிறகும் பூட்டுங்கள், அட்டை கட்டுங்கள், சோதிப்பானைத் தெரிந்த மின்மூலத்தில் சரிபார்த்து, பலகையைச் சோதித்து, மீண்டும் சோதிப்பானைச் சரிபாருங்கள், பிறகு எர்த் செய்யுங்கள். கெபாசிட்டர்கள் அணைத்து 3 நிமிடங்களுக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க வேண்டும் என்பது தரநிலை. பழையவற்றில் அதற்கான ரெசிஸ்டரே எரிந்துபோயிருக்கலாம் என்பதால் நேரத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். பழைய ஆலைகளில் வரைபடத்தில் இல்லாத இரண்டாவது மின்வழியும் இருக்கும்: ஜெனரேட்டர், யு.பி.எஸ்., பக்கத்துப் பலகையிலிருந்து வரும் கன்ட்ரோல் சப்ளை. அப்படி ஒன்றைக் கண்டால், அன்றைய பணி முடிவதற்குள் அதை வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள், பலகையின் மேல் எழுத்திலும் ஒட்டுங்கள்.