பூனைக்குட்டிக்கும் மகளுக்கும் ஒரே வட்டம்

கேள்வி: எங்கள் பூனைக்குட்டிக்குக் காதோரமும் மூக்கின் மேலும் வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. இப்போது ஏழு வயது மகளின் முன்கையிலும் சிவந்த வட்டம். மெடிக்கலில் வாங்கிய களிம்பைத் தடவினேன். முதலில் அடங்கி, பிறகு பெரிதாகிவிட்டது. குட்டியை மண்டபம் பக்கம் கொண்டுபோய் விட்டுவரச் சொல்கிறார் மாமியார். விட்டுவிடலாமா? - வாசகி, பாம்பன்

பதில்: விட வேண்டாம். குட்டி போனாலும் அது உதிர்த்த முடி உங்கள் வீட்டில்தான் கிடக்கும். நீங்கள் சொல்வது படர்தாமரை போலத் தெரிகிறது. பூனைகளில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையால் வருவது.

முதலில் அந்தக் களிம்பை நிறுத்துங்கள். டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சை தாராளமாகப் பரவும். தடிப்பின் உருவமே மாறி, பார்க்கிற மருத்துவரையும் குழப்பும். டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். வழக்கமாகத் தருவது ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் போன்ற களிம்பு. வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, தினம் இருமுறை தடவ வேண்டும். வட்டம் மறைந்தாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடக்கூடாது. தலையில் முடி கொட்டினால் களிம்பு போதாது, மாத்திரைதான்.

குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்ப்பார். ஒளிராவிட்டால் நோயில்லை என்று அர்த்தமல்ல, முடியை நுண்ணோக்கியிலும் பார்க்க வேண்டும். சிகிச்சை பெரும்பாலும் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து: குட்டியின் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில் தினம், ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு. மனிதருக்கான கேப்ஸ்யூலைப் பிரித்துக் குத்துமதிப்பாகக் கொடுக்காதீர்கள். கூடவே மைக்கொனசோல், குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூ வாரம் இருமுறை. 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். பூனை உடம்பை நக்கும், அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பினாயிலும் பூனைக்கு விஷம், தரையில் ஊற்றினாலும்.

வீடுதான் பெரிய வேலை. உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்து ஒன்றரை ஆண்டு வரைகூடக் கிடக்கும். வறட்டுத் துடைப்பம் அதைக் கிளப்பிவிடும்; ஈரத்துணியால் முடியை வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு ஒரு பங்கு திரவ பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தரையை 10 நிமிடம் ஈரமாக வையுங்கள். காயும்வரை குட்டி அங்கே வரக்கூடாது. குட்டி படுத்த சாக்கை எறிந்துவிடுங்கள். பாய், போர்வையை இரண்டு தடவை சோப்பில் அலசுங்கள். வெயிலை மட்டும் நம்பாதீர்கள். மீன்வலைக் குவியலில் குட்டியைத் தூங்க விடாதீர்கள், அதில் சிக்கிய முடியை எடுக்கவே முடியாது.

வேறு பூனை இருந்தால் அதையும் காட்டுங்கள். வட்டமே தெரியாமல் பூஞ்சையைச் சுமக்கும் பூனைகள் உண்டு. குட்டிக்கு முடி முளைத்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். முடியை மறுபடி சோதித்து மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்தலாம்.